வெல்லாத சாரதியின் மைக்

மார்ட்டின் பிரண்டில் ஃபோர்முலா வன் கார் ஓட்டத்தில் 158 போட்டிகள் ஓடினார். ஒன்றிலாவது முதலாவதாக வரவில்லை. ஒன்பது தடவை மேடை ஏறினார், இரண்டாமிடமோ மூன்றாமிடமோ. ஆனால் ஆங்கிலத்தில் அந்தப் போட்டிகளைப் பார்க்கிற யாரிடமாவது எந்த வர்ணனையாளரின் குரல் மனதில் நிற்கிறது என்று கேளுங்கள். உலகப் பட்டம் எடுத்துவிட்டு மைக் முன்னால் வந்து உட்கார்ந்த எத்தனையோ பேரைத் தாண்டி இவர் பெயர்தான் முதலில் வரும்.

கிளிநொச்சிப் பக்கத்தில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிற ஒருவன் இங்கிலாந்துக்காரர் ஒருவரைப் பற்றி ஏன் எழுதுகிறான் என்று யோசிப்பீர்கள். தொழில் காரணம்தான். கோவில் திருவிழா, சாமத்திய வீடு, செத்த வீடு என்று பெட்டியும் ஹோர்னும் கட்டித் திரிந்தவன் நான். ஒரு விளையாட்டுப் போட்டிக்கு அறிவிப்பாளர் வராமல்போக மைக் என் கைக்கு வந்தது. பிறகு அது கையை விட்டுப் போகவில்லை. இப்போது வட்டக்கச்சி, பரந்தன், விசுவமடுப் பக்கம் மாட்டுவண்டில் சவாரி என்றாலும், சைக்கிள் ஓட்டம் என்றாலும், கரப்பந்தாட்டம் என்றாலும் பெரும்பாலும் என் தொண்டைதான். வேறு அறிவிப்பாளர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனிக்கிற வியாதி அப்படியே ஒட்டிக்கொண்டது.

லண்டனில் இருக்கிற மச்சான்தான் இந்த மனிதரை எனக்குக் காட்டிவிட்டவன். ஐரோப்பாவில் நடக்கும் போட்டி எங்களுக்குப் பின்னேரம் 6.30க்குத் தொடங்கும், சில்வர்ஸ்டோன் என்றால் 7.30. விளக்கு வைத்து, நுளம்புத் திரி கொளுத்தி, போனில் சிறு துண்டுகளாகப் பார்ப்பேன். கார்கள் எனக்கு அவ்வளவாக விளங்கவில்லை. பேசுகிறவர் விளங்கினார்.

அவருடைய கதை நோர்போக்கில் உள்ள கிங்ஸ் லின் என்ற ஊரில் தொடங்குகிறது. 1959 ஜூன் 1 பிறப்பு. தகப்பன் கார் வியாபாரம் செய்தவர். பையன் பன்னிரண்டு வயதிலேயே புல்வெளித் தடத்தில் பழைய கார்களை ஓட்டத் தொடங்கிவிட்டான். எங்கள் பக்கத்தில் வயல் அறுத்து முடிந்ததும் பொடியள் வெறும் வயலில் மோட்டார் சைக்கிள் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த வயதின் துணிவு தெரியும்.

1983 இல் பிரித்தானிய ஃபோர்முலா த்ரீ, ஃபோர்முலா வன்னுக்குக் கீழ்ப்படி. அங்கே அவருக்கு எதிராக வந்தவர் பிரேசிலிலிருந்து வந்த அயர்ட்டன் சென்னா. முதல் ஒன்பது போட்டிகளையும் சென்னாவே வென்றார். வேறு ஆளாக இருந்தால் அந்த வருடத்தை அங்கேயே மறந்துவிட்டுப் போயிருப்பார். பிரண்டில் விடவில்லை. வெல்லத் தொடங்கினார், சென்னாவைப் பதற வைத்தார், ஓல்டன் பார்க்கில் சென்னாவின் கார் இவருடைய காரின் மேலேயே ஏறி நின்றது. பட்டம் கடைசிப் போட்டிக்கு, திரக்ஸ்டனுக்குப் போனது. அங்கே சென்னா வென்றார். பின்னாளில் உலகமே கும்பிட்ட ஒருவரை ஒரு வருடம் முழுக்க இரண்டு கார் தூரத்தில் வைத்துப் பார்த்த கண் இது. அந்தக் கண்ணுக்குத்தான் பிறகு ரி.வி. சம்பளம் கொடுத்தது என்று நான் நினைக்கிறேன்.

அடுத்த வருடம் டிரெல் அணியில் ஃபோர்முலா வன். முதல் போட்டியே பிரேசிலில் ஐந்தாமிடம். டெட்ரோய்ட்டில் பிக்கேயின் முதுகுக்குப் பின்னால் இரண்டாமிடம். பிறகு டலாஸில் சுவரில் மோதி இரண்டு கணுக்கால்களும் உடைந்தன. வருட முடிவில் பார்த்தால் அந்த இரண்டாமிடமும் இல்லை, ஐந்தாமிடமும் இல்லை. காரின் தண்ணீர்த் தாங்கியில் ஈயக் குண்டுகளைப் போட்டு எடையைச் சரிக்கட்டினார்கள் என்று அணியின் அந்த வருடத்துப் பெறுபேறுகள் அத்தனையும் அழிக்கப்பட்டன. காலும் போய், புள்ளியும் போய், 25 வயதில் கட்டிலில் கிடந்தார்.

இடது கால் பழைய நிலைக்கு வரவேயில்லை. பின்னாளில் மற்றச் சாரதிகள் இடது காலால் பிரேக் பிடிக்கப் பழகியபோது இவர் வலது காலோடுதான் நிற்கவேண்டியிருந்தது. வர்ணனையில் யாராவது ஒரு சாரதி வளைவுக்குள் பிரேக்கை எப்படி விடுகிறார் என்று இவர் சொல்லும்போது சாதாரணமாகத்தான் சொல்வார். ஆனால் அந்த அழுத்தம் எங்கே தொடங்கி எங்கே முடியவேண்டும் என்பது, அதைச் செய்ய முடியாமல்போன காலுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

வெற்றியே இல்லாதவர் என்றும் சொல்ல முடியாது. 1988 இல் ஜகுவாரோடு ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகப் பட்டம் எடுத்தார். 1990 இல் லு மான்ஸ் 24 மணித்தியாலப் போட்டியை நீல்சன், கொப் என்ற இருவருடன் சேர்ந்து வென்றார். ஃபோர்முலா வன்னில் மட்டும் கதவு திறக்கவில்லை. 1992 இல் பெனட்டன் அணி. பக்கத்துக் காரில் மைக்கேல் ஷூமாக்கர். அந்த வருடம் ஐந்து தடவை மேடை. கனடாவில் இரண்டாவதாக வந்து முன்னால் போன பெர்கரை எட்டிப்பிடிக்கிற நேரத்தில் கார் உடைந்தது. அன்றைக்கு அது உடையாமல் இருந்திருந்தால் இந்தப் பதிவுக்கு வேறு தலைப்பு வைத்திருப்பேன்.

அவருடைய ஓட்டக் காலத்தில் எனக்கு மிகவும் பிடித்தது 1996 மெல்பர்ன். அல்பேர்ட் பார்க்கில் முதல் தடவையாக நடந்த ஃபோர்முலா வன் உலகப் பட்டப் போட்டி. முதல் சுற்றில் மூன்றாவது வளைவில் இவர் ஓட்டிய ஜோர்தான் அணியின் மஞ்சள் கார் மற்றக் கார்களின் மேலால் பறந்து, கவிழ்ந்து, இரண்டு துண்டாக விழுந்தது. பார்த்தால் ஆள் முடிந்தது என்றுதான் தோன்றும். அவரோ வெளியே வந்து, எழும்பி, அணியின் இடத்தை நோக்கி ஓடினார். டொக்டர் சிட் வொட்கின்ஸ் பார்த்துச் சரி என்றதும் மேலதிகக் காரில் ஏறி மறுபடியும் போட்டிக்குப் போனார். ஒரு சுற்று ஓடியதும் அதுவும் முடிந்துவிட்டது. வீடியோவைப் பார்த்த என் மனைவி, “இவருக்கு வீட்டில் சொல்ல ஆட்கள் இல்லையோ?” என்று கேட்டாள்.

அந்த வருடக் கடைசியில் ஜப்பானில் ஐந்தாவதாக வந்தார். அதோடு ஃபோர்முலா வன் சரி.

1997 இல் இங்கிலாந்தில் ஒளிபரப்பு உரிமை பி.பி.சி.யிடமிருந்து ஐ.ரி.வி.க்குப் போனது. வர்ணனையாளர் மரே வோக்கருக்குப் பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும். பிரண்டிலுக்கு ஓட இடமில்லை. அப்படித்தான் போய்ச் சேர்ந்தார். வோக்கர் 1923 இல் பிறந்தவர், அப்போதே எழுபதைத் தாண்டியவர், ஆனால் உற்சாகத்தில் கதிரையிலிருந்து எழும்பி நின்று கத்துகிறவர். பக்கத்தில் இவர் தணிந்த குரலில், அந்தக் கார் ஏன் அப்படிப் போகிறது என்பதை இரண்டே வசனத்தில் சொல்லிவிட்டு நிறுத்துவார். வோக்கர் 2001 இல் ஓய்வுபெறும்வரை அந்தச் சோடி ஓடியது.

இந்தச் சோடி விஷயத்தை விளக்கத்தான் சின்னையாவைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. சின்னையா இளம் வயதில் சவாரி ஓடியவர். முழங்கால் போன பிறகு திடலுக்கு வந்து வேலியோரம் குந்தியிருப்பார். நான்தான் இழுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் கதிரை போட்டு இரண்டாவது மைக்கைக் கொடுத்தேன். முதல் நாள் அவர் பேசவேயில்லை. நான் வழக்கம்போல வண்டில்காரரின் பெயர், ஊர், அன்பளிப்புச் செய்த கடை, பாதையில் நிற்கிற மோட்டார் சைக்கிளை எடுக்கச் சொல்லி அறிவித்தல், தொலைந்த திறப்பு என்று வாய் ஓயாமல் போய்க்கொண்டிருந்தேன்.

இரண்டு வண்டிலும் கோட்டில் நின்றன. சனம் எல்லாம் வண்டில்காரரைப் பார்த்தது. சின்னையா மாட்டின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அங்கால் வண்டில் வலப்பக்கத்து மாடு காதை மடக்குது” என்றார் மைக்கில், பக்கத்தில் இருக்கிற ஒருவரிடம் சொல்வதுபோல. “கயிறு இறுக்கமாய் இருக்கு. பாதி வழியில வெளியால இழுக்கும், பாருங்கோ.” கொடி விழுந்தது, புழுதி எழும்பியது. பாதி வழியில் அந்தச் சோடி வெளிப்பக்கம் இழுத்துக்கொண்டு போக, வண்டில்காரர் ஒரு காலை ஊன்றி நாணயக்கயிற்றில் தொங்கினார். திடலே திரும்பி எங்கள் கொட்டிலைப் பார்த்தது. சின்னையா மைக்கைக் கையால் பொத்திவிட்டு வெற்றிலைத் தட்டத்தைத் தேடினார்.

நான் இருபது வருடம் கத்தினாலும் அந்தக் காதை எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியாது. அதேநேரம் சின்னையா தனியாக இருந்தால் திறப்பைத் தொலைத்தவன் இரவாகியும் வீட்டுக்குப் போக மாட்டான். இரண்டு வேலையும் வேறு வேறு.

பிரண்டில் செய்வதும் அந்தக் காது பார்க்கிற வேலைதான். முன்னால் போகிற காருக்குக் கிட்டப் போகப் போகப் பின்னால் வருகிற காருக்குக் காற்று குழம்பிப்போகும். காரை நிலத்தோடு அழுத்திப் பிடிக்கிற விசை குறையும், முன் ரயர் வழுக்கும், வழுக்கினால் சூடாகும், சூடானால் இன்னும் வழுக்கும். இதை ரி.வி.யில் பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது, கார் ஒட்டிக்கொண்டு போகிறது என்றுதான் தெரியும். சாரதியின் கை ஸ்டியரிங்கில் ஒரு சின்னத் திருத்தம் செய்வதைப் பார்த்து, இவர் இன்னும் சில சுற்றில் பின்வாங்குவார் என்று பிரண்டில் சொல்வார். பெரும்பாலும் அப்படியே நடக்கும். நடக்காவிட்டாலும் வெட்கப்படாமல் அடுத்ததைப் பார்ப்பார்.

எப்போதும் முன்னால் ஓடி வென்றவர்களுக்கு இந்தப் பார்வை வருமா என்பது எனக்குச் சந்தேகம். முன்னால் போகிறவனுக்கு வெறும் தெருதான் தெரியும். பத்தாவது, பன்னிரண்டாவது இடத்தில் மற்றவர்களின் புகையைக் குடித்துக்கொண்டு, உடையப்போகிற காரைக் காப்பாற்றிக்கொண்டு ஓடியவனுக்கு எல்லோருடைய கஷ்டமும் தெரியும். மச்சான் இதை ஒத்துக்கொள்ள மாட்டான். “அப்ப ஜேம்ஸ் ஹன்ட்?” என்பான். நியாயம்தான். ஹன்ட் 1976 இல் லவுடாவை ஒரே புள்ளியால் முந்தி உலகப் பட்டம் எடுத்தவர், 1979 நடுவில் ஓட்டத்தை விட்டவர், பிறகு 1993 இல் 45 வயதில் மாரடைப்பால் இறக்கும்வரை பி.பி.சி.யில் அதே வோக்கருக்குப் பக்கத்தில் இருந்தவர். இருவருக்கும் ஒரே மைக், மாற்றி மாற்றிப் பிடிக்கவேண்டும். ஒரு மைக்கை இருவர் பங்குபோடுவதன் எரிச்சல் எனக்குத் தெரியும் என்பதால் அந்த மனிதர்கள்மேல் தனி மரியாதை உண்டு. ஹன்ட் பிடிக்காத சாரதியை நேராகவே திட்டிவிடுவார். கேட்கச் சுவையாக இருக்கும். ஆனால் அதைக் கேட்டு நான் காரைப் பற்றி ஒன்றும் படிக்கவில்லை.

பிரண்டிலை உலகத்துக்கே தெரியவைத்தது வேறொன்று. 1997 சில்வர்ஸ்டோனில் தொடங்கியது. போட்டிக்குச் சில நிமிடம் முன்பு கார்கள் எல்லாம் வரிசையில் நிற்கும்போது, மைக்கைப் பிடித்துக்கொண்டு அந்த வரிசைக்குள் நடப்பது. நேரடி ஒளிபரப்பு. முன்கூட்டி யாரிடமும் நேரம் கேட்பதில்லை, ஒத்திகை இல்லை. ரயருக்குச் சூட்டுப் போர்வை சுற்றியிருக்கும், மெக்கானிக் குனிந்துகொண்டிருப்பார், நடுவில் சினிமாக்காரரும் மந்திரிமாரும் நிற்பார்கள். அதற்குள் புகுந்து யார் அகப்படுகிறார்களோ அவர்களைப் பேசவைக்க வேண்டும்.

பாதிப்பேர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். 2021 இல் ஒஸ்ரினில் ராப் பாடகி மேகன் தீ ஸ்டாலியனிடம் போகப்போய் மெய்க்காவலர் தள்ளிவிட்டார், அப்படிச் செய்ய முடியாது என்று கூட வந்த இன்னொருவர் சொல்ல, இப்போதுதான் செய்தேனே என்று சொல்லிவிட்டு நடந்தார். 2022 மயாமியில் உயரமான ஓர் இளைஞனை அமெரிக்கக் கால்பந்து வீரர் பட்ரிக் மஹோம்ஸ் என்று நினைத்து நெடுநேரம் பேசினார். அது கூடைப்பந்து விளையாடுகிற பாவ்லோ பங்கேரோ. உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. மேடையில் பிரதம விருந்தினரை அழைக்கிற நேரத்தில் கையில் இருக்கும் துண்டில் வேறு பெயர் எழுதியிருக்கக் கண்ட எந்த அறிவிப்பாளருக்கும் அந்த வியர்வை எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை.

அதைப் பார்த்துவிட்டு நானும் வயரில்லாத மைக் ஒன்றை எடுத்துக்கொண்டு சவாரி தொடங்கமுன் வண்டில்களுக்குள் நடந்து பார்த்தேன். ஃபோர்முலா வன் சாரதிக்கு யோசனை கலையும் என்ற பயம் மட்டும்தான். எங்கள் வண்டில்காரருக்கு அதைவிடப் பெரிய பயம், நாவூறு. ஒரு வெள்ளை நாம்பனைப் பார்த்து “என்ன வடிவான மாடு” என்று மைக்கில் தொடங்கியதுதான் தாமதம், சொந்தக்காரர் குறுக்கே வந்து நின்றார். “தம்பி, அந்த மைக்கை அங்கால கொண்டுபோ. ஓடி முடியமட்டும் என்ர மாட்டைப் பற்றி ஒண்டும் கதைக்காத.” அவர் பையில் எலுமிச்சம்பழம் இருந்தது. இன்னொருவர் திருநீறு பூசுகிற சாக்கில் மாட்டின் மறுபக்கம் போய்விட்டார். மூன்றாமவர் மட்டும் பேசினார், பேசத் தொடங்கி நிறுத்தவில்லை, கொடிக்காரர் வந்து பிரிக்க வேண்டியிருந்தது. சனத்துக்கு ஓட்டத்தைவிட அது பிடித்துவிட்டது. இப்போது ஏற்பாட்டாளர்களே கேட்கிறார்கள், தம்பி நடக்கிறது இருக்கோ என்று. ஆனால் மாட்டைப் பற்றிக் கேட்பதில்லை என்று எனக்கு நானே ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். வண்டிலைப் பற்றி, வந்த பாதையைப் பற்றி, முறிகண்டியில் தேங்காய் உடைத்தீர்களா என்று கேட்பேன். அதற்கு எல்லோரும் பதில் சொல்கிறார்கள்.

ஒளிபரப்பு உரிமை கை மாற மாற இவரும் கூடவே போனார். 2009 இல் பி.பி.சி., 2012 இலிருந்து ஸ்கை. நடுவில் ஓட்டத்தையும் அடியோடு விடவில்லை. 1999 லு மான்ஸில் டொயோட்டாவில் முதலிடத்திலிருந்து கிளம்பினார், அப்போது வர்ணனையாளராக இரண்டு வருடம் ஆகியிருந்தது. 2012 இல் மகன் அலெக்ஸோடு ஒரே காரில் அதே போட்டியில் ஓடினார். மகனும் இப்போது ஓட்டம், வர்ணனை என்று இரண்டிலும் இருக்கிறார்.

அந்த 2012 லு மான்ஸில் ஓடிய இன்னொருவர் சென்னையில் பிறந்த கருண் சந்தோக். அங்கே ஓடிய முதல் இந்தியர், அவருடைய கார் ஆறாவதாக வந்தது. பிரண்டில் இப்போது எல்லாப் போட்டிகளுக்கும் போவதில்லை, அறுபதைத் தாண்டிவிட்டார். அதனால் அவருக்குப் பிறகு யார் என்ற பேச்சு எங்கள் வட்ஸ்அப்பில் அடிக்கடி வரும். நான் சந்தோக் பக்கம். 2019 இலிருந்து அவரும் ஸ்கையில்தான் இருக்கிறார். பெரிய தொடுதிரைக்கு முன்னால் நின்று இரண்டு காரின் ஒரே வளைவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இவர் இங்கே பிரேக் பிடிக்கிறார், அவர் அங்கே பிடிக்கிறார் என்று பள்ளிக்கூட வாத்தியார்போலக் காட்டுவார். தமிழ் தெரிந்த ஊரில் வளர்ந்தவர் என்ற பாசமும் எனக்குக் கொஞ்சம் உண்டு, மறைக்கவில்லை.

மச்சானுக்கு அவர்மேல் மதிப்பில்லை. “மொத்தம் 11 போட்டி ஓடினவன், அவன் என்ன சொல்லித் தருவான்?” என்பான். பதினொன்றுதான். 2010 இல் எச்.ஆர்.ரி. என்ற புதிய, காசில்லாத அணியில் 10, 2011 இல் லோட்டஸில் ஜெர்மனியில் 1. அந்தப் பதினொன்றுக்குள் என்ன நடந்தது என்பதைத்தான் மச்சான் பார்ப்பதில்லை. முதல் போட்டிக்குப் பஹ்ரைன் போனால் கார் பொருத்தி முடியவில்லை. பயிற்சி நேரம் எல்லாம் முடிந்து, தகுதிச் சுற்றில்தான் அந்தக் காரை முதல் தடவையாக ஓட்டினார், மற்ற எல்லோரும் மாதக்கணக்கில் ஓட்டிப் பழகி வந்திருக்க. மொனாக்கோவில் துருல்லியின் கார் அவருடைய தலைக்கு மேலால் ஏறிப் போனது. பாதி வருடத்தில் இருக்கையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். 2011 இல் இந்தியாவிலேயே முதல் தடவையாக கிராண்ட் பிரி என்கிற ஃபோர்முலா வன் போட்டி நடந்தபோது அவருக்கு வெள்ளிக்கிழமைப் பயிற்சி மட்டும் கிடைத்தது, ஞாயிறு ஓட விடவில்லை.

இதை எல்லாம் எழுதி அனுப்பினேன். மச்சான் பதிலுக்கு ஒரு சிரிக்கிற முகம் போட்டுவிட்டு, “அப்ப உன்ர கணக்குப்படி ஒரு போட்டியும் ஓடாதவன் இன்னும் திறமா?” என்று கேட்டான். சின்னையாவிடம் காட்டினேன். அவர் கேள்வியை விட்டுவிட்டு, அந்த மொனாக்கோ வீடியோவை இன்னொருமுறை போடச் சொன்னார்.